கிரோன்ஸ் மருந்து பாதிதான் கேட்கிறது என்றால்

இரண்டு வருடமாக ஒவ்வொரு அப்பாயின்மென்டிலும் டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்பார், நான் "ஓகே டாக்டர்" என்பேன். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. குடலில் நீண்ட நாள் வீக்கத்தை உண்டாக்கும் கிரோன்ஸ் நோய் என்று கண்டுபிடித்தபோது ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கழிவறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மருந்து ஆரம்பித்த பிறகு அது நாலு, ஐந்து என்று குறைந்தது. எட்டோடு பார்க்கும்போது நாலு பரவாயில்லைதானே என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் கிளினிக்கில் எண்ணுக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரத்தில் நான் மூன்று முறை எழுந்து ஓடியதை வயதான மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும் முன் என்னை நிறுத்திக் கேட்டார்: "தங்கச்சி, நீ ஓகேன்னு சொன்னா டாக்டர் ஃபைல்ல என்ன எழுதுவாரு? ஓகேன்னுதான் எழுதுவாரு. அப்புறம் அதே மருந்துதான் வரும்." என் சிகிச்சை மாறத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மலேசியாவின் பினாங்கில், பிறையில் குடியிருந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கியூசி (தரச் சோதனை) வேலை பார்க்கிறவள். சொந்த உடம்பில் கற்றுக்கொண்டதையும், டாக்டரிடமும் பார்மசிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதல் வேலை, எண்ணிக்கையை எழுதுவது. கடையில் கடன் கணக்கு எழுதும் சின்ன 555 நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வரி போதும்: எத்தனை தடவை போனீர்கள், தண்ணீராகவா கெட்டியாகவா, ரத்தம் உண்டா, வலி பத்துக்கு எத்தனை, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போனீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கை டாக்டர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை எடையையும் எழுதுங்கள். நான் நாலு வாரம் எழுதிக்கொண்டு போனேன். "சராசரி ஐந்து தடவை, வாரத்தில் மூன்று இரவு எழுந்திருக்கிறேன், வலது பக்க அடிவயிற்றில் வலி ஆறு, எடை 2 கிலோ குறைவு" என்று படித்துக் காட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வலது பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு. கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றாலும், அதிகம் பிடிப்பது வலது பக்க அடிவயிற்றில் இருக்கும், சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தை. எனக்கும் அங்கேதான். "இது என்ன ஊரில் இல்லாத புது நோய்" என்று அம்மா அழுதபோது, 1932-லேயே நியூயார்க்கில் டாக்டர் கிரோனும் கூட இருந்த இருவரும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். கண் பட்டதால் வந்தது இல்லை என்று அம்மா ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் ஆனது.

மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்யும் முன்

மருந்தைச் சொன்னபடி சாப்பிட்டோமா என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நான் மாதக் கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணியபோது, எனக்குத் தினமும் சாப்பிடக் கொடுத்திருந்த மெசலாசின் மாத்திரை இருபதுக்கு மேல் மிச்சம் இருந்தது. நைட் ஷிப்ட் வாரங்களில் காலை எது, இரவு எது என்ற குழப்பத்தில் விட்டவை அவை. இப்போது போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை அலாரத்தையும் மாற்றுவேன்.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பியூடசோனைட் கொடுத்திருந்தால் அதற்கென்று முறை இருக்கிறது. பொதுவாக 9 மில்லிகிராம், காலையில் ஒரே வேளையாக, ஏறக்குறைய எட்டு வாரம். இலியம் பக்கம் போய்க் கரையும்படி செய்த காப்ஸ்யூல் என்பதால் மெல்லவோ நசுக்கவோ கூடாது. நன்றாக இருக்கிறது என்று நாமாகவே திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். கிரேப்ஃப்ரூட் சாப்பிட்டால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். பொமெலோவையும் தள்ளி வைக்கச் சொல்லி பார்மசிஸ்ட் எச்சரித்தார். சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொண்டுவந்து தரும் பொமெலோவை இப்போது தங்கைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது வலி மாத்திரை. எனக்கு மாதவிடாய் வலி அதிகம். கம்பெனி ஏற்பாடு செய்த ஒரு பேனல் கிளினிக்கில் மெஃபனாமிக் ஆசிட் எழுதிக் கொடுத்தார்கள். கிரோன்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதா மாதம் மூன்று நாள் அதைச் சாப்பிட்டேன். நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: அந்த மூன்று நாளுக்குப் பின்னால் வரும் வாரம் ஒவ்வொரு முறையும் மோசமாக இருந்தது. மெஃபனாமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். குடல் வீக்கத்தைக் கிளப்பிவிடக் கூடியவை. பாரசிட்டமால் அந்தக் குடும்பம் இல்லை. எந்தக் கிளினிக்கில் நுழைந்தாலும் வாயைத் திறந்து முதலில் "எனக்கு கிரோன்ஸ் இருக்கு" என்று சொல்லுங்கள். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் நீங்கள் என்றால், கிரோன்ஸை மோசமாக்கும் பழக்கங்களில் அதுதான் முதலிடம். நாட்டு மருந்து, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் வயிறு அடங்கவில்லை என்றால், இது உண்மையில் வீக்கம்தானா என்று கேட்க வேண்டும். வெறும் அறிகுறியை வைத்து அதைச் சொல்ல முடியாது. மலத்தில் கால்புரொடெக்டின் என்று ஒரு சோதனை உண்டு. 50-க்குக் கீழ் என்றால் பொதுவாக வீக்கம் இல்லை, 250-க்கு மேல் என்றால் வீக்கம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு 410 வந்தது. பாதி பயமும் பாதி நிம்மதியுமாக இருந்தது. இரண்டு வருடமாக 'உனக்கு எல்லாமே டென்ஷன்தான்' என்று சொன்னவர்களுக்கு என்னிடம் ஒரு எண் இருந்தது.

எண் குறைவாக வந்தாலும் நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. பித்த உப்பை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் இடமே இலியத்தின் கடைசிப் பகுதிதான். அது பழுதானால் பித்தம் பெருங்குடலில் இறங்கித் தண்ணீராகப் போகும். அதற்குக் கொலஸ்டைரமின் என்ற தூள் மருந்து வேறு இருக்கிறது. மற்ற மருந்துகளோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, இடைவெளி விட வேண்டும். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், மலச் சோதனையில் தெரியும். குடல் காசநோயும் கிரோன்ஸ் மாதிரியே தோற்றம் காட்டும். நம் ஊரில் காசநோய் இன்னும் இருப்பதால், சிகிச்சை கேட்காதபோது டாக்டர் அந்தப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. அப்படியே வைட்டமின் பி12, இரும்புச் சத்து, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12-ஐ உறிஞ்சுவதும் அதே இலியம்தான். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நான் உட்கார்ந்திருந்ததற்கு நோய் பாதிக் காரணம், இரும்புச் சத்துக் குறைவு மீதிக் காரணம்.

டாக்டரிடம் எதைக் கேட்பது

நோட்டும் எண்ணும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். நான் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போனேன். இந்த மருந்து என் வகைக் கிரோன்ஸுக்குச் சரியானதா? எவ்வளவு நாள் பார்த்துவிட்டு மாற்றுவோம்? மாற்றினால் அடுத்தது என்ன?

முதல் கேள்விக்கு வந்த பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மெசலாசின் பெருங்குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு நல்ல மருந்து. கிரோன்ஸுக்கு, அதுவும் சிறுகுடலில் உள்ளதற்கு, அதன் பலன் குறைவு என்று இப்போதைய சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. லேசான நோய், பக்க விளைவும் குறைவு என்பதால் அதில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பியூடசோனைட் கேட்டது, ஆனால் அதையே வருடக் கணக்கில் ஓட்ட முடியாது. நிறுத்தினால் மறுபடி ஏறுகிறது. அப்படியென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

'லேசான' என்ற சொல்லைக் கேட்டு அடுத்த படிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் பயந்தேன். ஆனால் அடங்காத வீக்கம் சும்மா இருப்பதில்லை. தழும்பு விழுந்து குடல் குறுகும், அப்புறம் அறுவை சிகிச்சை வரை போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாத்திரையைப் பார்த்து வந்த பயம் குறைந்தது.

எனக்குக் கொடுத்தது அஸாதயோபிரின், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் பலன் தெரிய. அதுவரை பியூடசோனைட் துணைக்கு. ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு, ஒன்றையும் தவறவிடாதீர்கள். NUDT15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்தில் வெள்ளை அணுக்கள் அபாயமாகக் குறையும். ஆசியர்களிடையே அந்த மாற்றம் அதிகம் என்பதால், சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது கவுட் என்ற மூட்டு வலி நோய்க்கு வாங்கி வைத்த அலோபியூரினால் இருந்தால் அதை இதோடு சேர்த்துத் தொடவே கூடாது. வெயிலில் தொப்பி, சன்ஸ்கிரீன் அவசியம். உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். இதுவும் கேட்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் காசநோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் உண்டா என்று பார்ப்பார்கள்.

அதுவரை நாளை ஓட்டுவது

சாப்பாட்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பயந்துபோய் பருப்பு, கீரை, பால், முட்டை, காரம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்தினேன். வயிறு கொஞ்சம் அடங்கியது, எடையும் இறங்கியது. எது கெடுத்தது என்று தெரியவே இல்லை. இப்போது வாரத்துக்கு ஒன்றைத்தான் மாற்றுகிறேன். எனக்குப் பிடிக்காமல் போனது கெட்டிப் பால் போட்ட தே தாரிக்கும், மாமாக் கடை ரொட்டி சானாயும். பால் இல்லாத தே ஓ ஒத்துக்கொள்கிறது. இட்லி, மீன் ரசம், கோழி போட்ட பொரிட்ஜ், நன்றாக வெந்த பூசணி எல்லாம் ஒத்துக்கொள்கின்றன. உங்களுக்கு வேறாக இருக்கும். குடல் குறுகியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னவர்கள் மட்டும் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், கீரைத் தண்டு இவற்றில் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். தண்ணீராகப் போகும் நாளில் உப்புக் கரைசல் பாக்கெட் குடியுங்கள், பார்மசியில் கிடைக்கும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், முதலில் டாக்டரைக் கேளுங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பேன். போன வருடம் விரதத்தை டாக்டரிடம் சொல்லி, மருந்து நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் நடக்கவில்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

என் பெரிய பயம் பினாங்குப் பாலம். 13.5 கிலோமீட்டர், காலை நெரிசலில் கம்பெனி பஸ் நின்றுவிட்டால் இறங்க இடமே கிடையாது. நெரிசலை நினைத்தாலே வயிறு கலக்கும். நான் இப்போது ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே எழுந்து, அவசரமில்லாமல் இரண்டு தடவை போய்விட்டுக் கிளம்புகிறேன். பஸ்ஸில் ஏறும் முன் பால் சேர்ந்தது எதுவும் கிடையாது. டிரைவர் அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். டோலுக்கு முன்னால் உள்ள பெட்ரோல் நிலையத்தில் கேட்டால் நிறுத்துவார். இதுவரை இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன், ஆனால் கேட்கலாம் என்று தெரிந்ததே பாதி மருந்து. பையில் மாற்று உள்ளாடை, டிஷ்யூ, பிளாஸ்டிக் பை, பொதுக் கழிவறைக்குச் சில்லறைக் காசு எப்போதும் இருக்கும். சூப்பர்வைசருக்கு டாக்டர் கடிதம் கொடுத்து, லைனில் கழிவறைக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கினேன். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டே இருப்பதைவிட இது அவர்களுக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

சில நேரத்தில் அப்பாயின்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு கடுமையான வலி, நிறைய ரத்தம், ஆசனவாய்ப் பக்கம் வலியுள்ள வீக்கம் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அஸாதயோபிரின் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் மட்டும் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அவசரம் இல்லாத, ஆனால் மோசமாகிக்கொண்டிருக்கும் நிலை என்றால் கிளினிக்குக்குப் போன் செய்து, தேதியை முன்னால் கொண்டுவரக் கேளுங்கள். "பத்து நாளாக ஆறு தடவை, இரவில் எழுகிறேன்" என்று எண்ணோடு சொன்னபோது எனக்கு ஆறு வாரம் முன்னால் தேதி கிடைத்தது.

அஸாதயோபிரின் ஆரம்பித்து இப்போது ஐந்தாவது மாதம். நோட்டில் பெரும்பாலும் 2 என்றே எழுதுகிறேன், சில நாள் 3. இரவில் எழுந்து ஏழு வாரம் ஆகிறது. அடுத்த மாதம் மறுபடி கால்புரொடெக்டின், அதன் பிறகு உள்ளே புண் ஆறியிருக்கிறதா என்று ஸ்கோப் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்க்க வேண்டுமா என்பதுதான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்கும் கேள்வி.