மரத்திலிருந்து கயிற்றில் இறங்கும் கருவி வாங்குவோர் கவனத்திற்கு

பெங்களூரில் கோடை மழைக்கு முன் தூங்குமூஞ்சி, குல்மொஹர் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கும் நம்மவர்கள், இறங்கு கருவி வாங்குவதற்கு முன் தங்கள் கயிற்றின் தடிமனைச் சரிபார்க்க வேண்டும். கருவியின் மேல் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் வரம்புக்குள் அது அடங்காவிட்டால், மெல்லிய கயிறு பிடிபடாமல் வழுக்கும். தடித்த கயிறு நகரவே நகராது.

இறங்கு கருவிகளில் எட்டு வடிவ வளையம் விலை மலிவானது. எனினும் கை நழுவினால் அது தானாக நிற்பதில்லை, கயிற்றை முறுக்கிவிடுகிறது, வேகமாக இறங்கினால் சூடேறிக் கயிற்றின் நைலான் உறையையும் பொசுக்கக்கூடும். அதையே பயன்படுத்துவோர், வளையத்திற்குக் கீழே எடை விழுந்ததும் கயிற்றை இறுகப் பற்றும் புருசிக் முடிச்சு ஒன்றைப் போட்டு, இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையான ஹார்னஸுடன் இணைத்துக்கொள்வது அவசியம். கைப்பிடியை விட்டதும் பூட்டிக்கொள்ளும் வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பதே என் கணிப்பில் சரி. ரம்பம் பிடிப்பவருக்கு இரண்டு கையும் வேண்டுமே.

கிளையின் மேல் இரட்டையாக ஓடும் கயிற்றுக்கென வடிவமைத்த கருவியின் மீது உடல் எடையில் ஏறக்குறைய பாதியே விழுகிறது. ஆகவே, தயாரிப்பாளர் குறிப்பிடும் உராய்வுத் துணைக்கருவி இல்லாமல் அதை ஒற்றைக் கயிற்றில் மாட்டி இறங்கலாகாது. எதை வாங்கினாலும், முழங்கால் உயரத்தில் தொங்கி, கயிற்றை நனைத்தும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.