ஓடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்: நச்சுவாயு, கிருமி, அணுக்கதிர் ஆபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர்க் கரையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டு பேரிடர்கள் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொடுத்தன. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறி வந்தபோது, முதலிலேயே ஓடியவர்களுக்குத்தான் பிழைக்க வழி இருந்தது. மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இழந்தோம். ஏழு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது, கதவைச் சாத்திக்கொண்டு கெட்டியான கூரைக்கு அடியில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

நம் உடம்பில் ஊறியிருப்பது முதல் பாடம்தான். என்ன சத்தம் கேட்டாலும் கால்தான் முதலில் எழுகிறது. ஆனால் காற்றில் வரும் ஆபத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது தானே புயலின் பாடம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளை ஒட்டியே குடிகாடும் ஈச்சங்காடும் இருக்கின்றன. 2021 மே 13 அன்று அங்கே ஓர் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கம். எதிரி வீசிய வேதிப்பொருளா, ஆலைக் குழாயில் கசிந்ததா என்பது நுரையீரலுக்குத் தெரியாது. இரண்டிலும் நாம் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்து மாலை. முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தென்றல் காற்றோடு கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வந்தது. பத்தே நிமிடத்தில் எங்கள் வீட்டில் மூன்று தவறுகள் நடந்தன. “எங்கிருந்து வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன்” என்று தம்பி பைக்கை உதைத்துக் கிளப்பினான். சித்தி, நாற்றம் போகட்டும் என்று தணலில் சாம்பிராணி போட்டார். நான் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். நல்லவேளையாக ஒரு மணி நேரக் கண்ணெரிச்சலோடு முடிந்தது. அன்று வந்தது குளோரின் போன்ற ஒன்றாக இருந்து, அடர்த்தியாகவும் வந்திருந்தால், நாங்கள் மூவரும் மூன்று விதமாக அதன் வாயில் போய் விழுந்திருப்போம்.

திசை தெரியாமல் ஓடுவது

போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் ஓடினார்கள். பலர் காற்று போன திசையிலேயே ஓடினார்கள். வாயு அவர்களோடு சேர்ந்தே வந்தது. ஓட்டத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். ஓடுகிறவர் அதைப்போலப் பல மடங்கு இழுக்கிறார். நஞ்சு கலந்த காற்றில் ஓடுவது, அந்த நஞ்சை மடமடவென்று குடிப்பதற்குச் சமம். 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோதும், வெளியே வந்தவர்களில் பலர் சாலையிலேயே மயங்கி விழுந்தார்கள்.

பதற்றப்படாதீர்கள் என்று சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. பதறும்போது மூச்சு வேகமாகிறது, வாய் திறந்துகொள்கிறது, உள்ளே போகும் அளவு கூடுகிறது. மூக்கால் மெதுவாக மூச்சு விடுவதே ஒரு தற்காப்பு.

ஓட வேண்டிய நேரமும் உண்டு. நீங்கள் வெட்டவெளியில் நிற்கிறீர்கள், கசிவு கண்ணெதிரே நடக்கிறது, அருகில் கட்டடம் இல்லை என்றால் நகரத்தான் வேண்டும். அப்போது காற்றுக்குக் குறுக்கே போங்கள். கடல் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறதென்றால், வடக்கிலோ தெற்கிலோ விலகுங்கள். பகலில் கடலிலிருந்து வரும் காற்று, இரவில் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அதனால் மதியம் பாதுகாப்பாக இருந்த தெரு நள்ளிரவில் ஆபத்தான தெருவாகிவிடலாம். தென்றல் காலத்தில் சிப்காட் காற்று முதுநகர்ப் பக்கம் வரும். மார்கழி வாடையில் சிதம்பரம் பக்கம் போகும். இது மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு படகோட்டியைக் கேளுங்கள்.

மூக்கை நம்பித் தீர்ப்புச் சொல்வது

தமிழில் வாடை என்பது வடகாற்றுக்கும் பெயர், நாற்றத்துக்கும் பெயர். சிப்காட் சுற்றுவட்டாரத்தில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. அங்குள்ள ஊர்க்காரர்கள் சிலர், எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து எந்த நாற்றம் வந்தது என்று 2004 முதல் குறித்து வைக்கத் தொடங்கினார்கள். அழுகிய முட்டைகோஸ், நகப்பூச்சு என்று தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு எழுதுவது மிகப் பயனுள்ள வேலை. புகார் சொல்லும்போது அது சாட்சியாக நிற்கும்.

ஆனால் நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடியதும் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். அதாவது, கொல்லும் அளவில் அது நாறாது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் பரப்பப்பட்ட சாரின் என்ற நரம்பு நஞ்சுக்கும், தூய நிலையில் மணம் கிடையாது. நிறமும் கிடையாது. கண்ணைப் பாருங்கள், கூட இருப்பவர்களைப் பாருங்கள், காக்கை குருவிகளைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பலருக்குக் கண்ணீர், இருமல், மூச்சுத்திணறல், கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல் வந்தால் அதற்கு மேல் சான்று வேண்டாம்.

கதவைச் சாத்திவிட்டுக் காற்றை உள்ளே இழுப்பது

வீட்டுக்குள் இருங்கள் என்றதும் கதவை மட்டும் சாத்திவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிடுகிறவர்கள் உண்டு. அது அறைக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று இண்டு இடுக்கெல்லாம் நுழையும். எக்ஸாஸ்ட், ஏர்கூலர், ஏசி, கூரை மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஜன்னல் குறைவாக உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவின் அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வையுங்கள். வெண்டிலேட்டர் ஓட்டைகளைப் பிளாஸ்டிக் தாளும் ஒட்டும் டேப்பும் கொண்டு மூடுங்கள்.

ஓலைக் குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் இது நடக்காது. கூரையே காற்றுக்கு வழி. அங்கே இருப்பவர்களிடம் வீட்டுக்குள் இருங்கள் என்று மட்டும் சொல்வது பொறுப்பான பேச்சாகாது. தெருவில் யாருடைய மச்சு வீட்டுக்குள் எத்தனை பேர் போகலாம் என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கதவைத் திறந்துவிடத் தயாராக இருப்பது மச்சு வீட்டுக்காரர்களின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

அடைத்த அறையில் அடுப்போ விளக்கோ சாம்பிராணியோ வேண்டாம். புகை மூச்சைக் கெடுக்கும். வெளியே இருப்பது எரியும் வாயுவாக இருந்தால் தீயும் பிடிக்கும். தரையோடு படுக்கவும் கூடாது. தீ விபத்தில் தவழ்ந்து வெளியேறச் சொல்வார்கள், ஏனென்றால் புகை மேலே போகும். குளோரினும் ஸ்டைரீனும் காற்றைவிடக் கனமானவை, தரையில் தேங்கும். மாடி இருந்தால் மாடி அறை நல்லது. கிணறு, பள்ளம், வாய்க்கால் பக்கம் போகவே வேண்டாம். ஈரத்துணியால் மூக்கை மூடுவது குளோரின், அம்மோனியா போன்று நீரில் கரையும் வாயுக்களைச் சற்றுத் தடுக்கும். அறைக்குப் போய்ச் சேரும் வரை உதவும், அவ்வளவுதான்.

பலருக்கும் தெரியாத தவறு கடைசியில் நடக்கிறது. வாயு கடந்துபோன பிறகும் மூடிய அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும். வெளிக்காற்று சுத்தமாகிவிட்ட பின், உள்ளே தங்கியதுதான் ஆபத்து. அதிகாரிகள் நீங்கிவிட்டது என்று அறிவித்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே நில்லுங்கள்.

மேலே பட்டதைக் கழுவுவதில்

சட்டையைத் தலை வழியாகக் கழற்றாதீர்கள். துணியில் இருப்பது கண்ணிலும் மூக்கிலும் ஏறும். பனியனையும் சுடிதாரையும் கத்தரியால் வெட்டி எடுங்கள். மேலாடைகளைக் களைந்தாலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆட்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். வெட்கத்தால் தாமதிக்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு போர்வையைப் பிடித்து மறைவு கொடுத்தால் போதும், நிமிடங்கள் மிச்சமாகும்.

அமிலம் பட்டால் சோடா மாவு, காரம் பட்டால் எலுமிச்சை என்று பள்ளிப் பாடத்தைத் தோலில் பரிசோதிக்காதீர்கள். வினையில் எழும் சூடு புண்ணை ஆழப்படுத்தும். தூளாக ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவது, மஞ்சள் பூசுவது, பீர்க்கங்கூட்டால் தேய்ப்பது எல்லாம் நஞ்சைத் தோலுக்குள் தள்ளும் வேலைகள். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது.

இன்னொன்று, அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. டோக்கியோவில் நோயாளிகளின் உடையிலிருந்து எழுந்த ஆவியால், சிகிச்சை கொடுத்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கண் மங்கியது, தலை வலித்தது. அன்று மருத்துவமனைகளுக்கு ஐயாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சின் கடுமையான பாதிப்பு இல்லை. 108-ஐ அழைக்கும்போதே வேதிப்பொருள் என்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போனால் வாசலிலேயே நின்று சொல்லுங்கள், உள்ளே நுழைந்த பிறகு வேண்டாம்.

கிருமித் தாக்குதல்

இதில் ஓட்டமும் இல்லை, சைரனும் இல்லை. நாள் கணக்கில் கழித்துக் காய்ச்சலாக வரும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தாமாக விழுங்குவதுதான் பெரிய தவறு. வைரஸுக்கு அது வேலை செய்யாது. 2001-இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் தூள் அனுப்பப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. நுரையீரல் பிளேக்கோ பரவும். எல்லாவற்றையும் ஒரே பயத்தோடு அணுகினால் தேவையில்லாதவரை ஒதுக்கிவைப்போம், ஒதுங்க வேண்டியவரைக் கட்டிப்பிடிப்போம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய நம் பெரியவர்கள், வெளியாள் வராமல் அழகாகத் தடுத்தார்கள். ஆனால் ஒரே தெருவில் பலருக்கு ஒரே காய்ச்சல் என்றால், வேப்பிலையோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

அணு ஆபத்தில் உப்பு வாங்க ஓடுவது

2011-இல் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது, சீனாவில் மக்கள் கடைகளை முற்றுகையிட்டு அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். நம்மூரிலும் நடக்கக்கூடியதுதான். பாதுகாப்புக்குப் பெரியவருக்குக் கொடுக்கும் மாத்திரையில் 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு உண்டு; அதில் அயோடின் மட்டும் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நாம் வாங்கும் உப்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் அயோடின். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஆறு கிலோவுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். கதிரியக்கம் வருவதற்கு முன் உப்பே கொன்றுவிடும். அந்த மாத்திரையும் தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிலிருந்து மட்டுமே காக்கும். அரசு சொன்ன பிறகு, சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும்.

அணுகுண்டு வெடித்தால் ஒளி முதலில் வரும், அதிர்வு பிறகு வரும். மூன்று கிலோமீட்டர் தொலைவில் இடையே ஏழெட்டு விநாடி இருக்கும். என்ன வெளிச்சம் என்று ஜன்னலுக்கு ஓடுகிறவர் முகத்தில்தான் கண்ணாடி சிதறும். குப்புறப் படுத்து, கைகளால் தலையை மூடுங்கள். பிறகு கட்டடத்தின் நடு அறைக்குப் போங்கள். இங்கே மாடி கூடாது. தூசி மொட்டைமாடியில்தான் படியும். வாயுவுக்கு மேலே, அணுத்தூசிக்குக் கீழே என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

அப்புறம் குறைந்தது ஒரு நாள் அசையாதீர்கள். குண்டுத் தூசியின் கதிர்வீச்சு வேகமாகத் தணியும். வெடித்த ஒரு மணி நேரத்தில் ஆயிரம் என்றிருந்தால், ஏழு மணி நேரத்தில் நூறு, 49 மணி நேரத்தில் பத்து. முதல் சில மணி நேரத்தில் பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கு ஓடும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில் பிள்ளை கான்கிரீட் கட்டடத்துக்குள் இருக்கிறது. நீங்கள் வெட்டவெளியில் ஓடி, அதையும் வெட்டவெளிக்கு இழுத்து வருவீர்கள். பள்ளியில் என்ன ஏற்பாடு என்று இப்போதே கேட்டு வைத்தால் அன்று கால் நிற்கும்.

தலையைச் சோப்பு, ஷாம்பு போட்டு அலசலாம். கண்டிஷனரும் எண்ணெயும் வேண்டாம்; தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும்.

வந்ததையெல்லாம் பகிர்வது

2004 டிசம்பர் 30 அன்று, சுனாமி நடந்து நான்காம் நாள், மறுபடி அலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரிக்கை விட்டது. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள்கூட அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. வாட்ஸ்அப் இல்லாத காலம் அது. இன்று வரும் செய்தியைப் பகிரும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, எல்லா அவசரத்துக்கும் 112, வானொலியைக் கேளுங்கள். பொதுப் பாதுகாப்பு சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் நீங்கியது. ஆலைச் சங்குக்குத் தனிக் கணக்கு இருக்கலாம். அதைப் பக்கத்து ஆலையில் வேலை செய்கிறவரிடம் இன்றே விசாரியுங்கள்.

அந்தச் சித்திரை மாலைக்குப் பிறகு, எங்கள் மொட்டைமாடிக் கொடிக்கம்பின் நுனியில் சித்தியின் பழைய பருத்திச் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கட்டியிருக்கிறோம். கூடத்து ஜன்னலைத் திறக்காமலே கண்ணாடி வழியாக அது தெரியும். இதை எழுதும் இப்போது அது மேற்கே பறக்கிறது.