எலும்பு சிமெண்ட் செய்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எலும்பில் உள்ள ஓட்டையையும் வெற்றிடத்தையும் நிரப்பப் பசையாக வைத்து, உள்ளேயே இறுகவிடுகிற பொருள்தான் எலும்பு சிமெண்ட். முட்டை ஓட்டைச் சூளையில் சுட்டு, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பின் கனிமத்தைப் போன்ற கால்சியம் பாஸ்பேட்) பொடி எடுத்து, அதில் கொஞ்சம் பிவிஏ (தண்ணீரில் கரையும் பசை பாலிமர்) கரைசலை விட்டுக் குழைத்து, மறுநாள் அது கெட்டியாக இருப்பதைப் பார்த்துவிட்டு "எலும்பு சிமெண்ட் தயார்" என்று முடிக்கிற ப்ராஜெக்ட் அறிக்கைகள் ஒவ்வொரு வருடமும் என் கைக்கு வருகின்றன. உழைப்பில் குறையே இல்லை. ஆனால் அது சிமெண்ட் இல்லை, காய்ந்த பசை. ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள், காலையில் அடியில் சேறுதான் இருக்கும்.

வீடு கட்டுகிற சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. அதனால்தான் கொத்தனார் நாள்கணக்கில் தண்ணீர் விட்டு அதை ஈரமாகவே வைத்திருக்கிறார். கால்சியம் பாஸ்பேட் சிமெண்டிலும் நடப்பது இதுதான். பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, கரைந்தது அதைவிடக் கரைதிறன் குறைந்த படிகமாகத் திரும்பி வந்து படிகிறது, அந்தப் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்போது கட்டி உறுதியாகிறது. 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளைக் கலந்து தண்ணீர் விட்டபோது, உடல் வெப்பநிலையிலேயே அது ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாறி இறுகியது. அதாவது ஹைட்ராக்ஸிஅபடைட் என்பது கடைசியில் வர வேண்டிய பொருள். அதையே சுட்டுப் பொடியாக்கி முதலில் போட்டால் வினைபுரிய அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

சரி, அப்படியானால் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிற ஆல்ஃபா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் தொடங்கலாம் என்று வருகிறவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். இதே பொருளுக்குப் பீட்டா என்று இன்னொரு படிக வடிவம் உண்டு, அது இப்படி இறுகாது. சுமார் 1125 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் பீட்டா வடிவம் ஆல்ஃபாவாக மாறும், அந்த வடிவத்திலேயே அதை நிறுத்த வேண்டுமென்றால் சூடாக இருக்கும்போதே வெளியே எடுத்துச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். நான் முதல் தடவை சூளையை அணைத்துவிட்டு, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அப்புறம் இரண்டு வாரம் திரவத்தை மாற்றினேன், பொடியை இன்னும் நைசாக அரைத்தேன், விகிதத்தை மாற்றினேன், எதற்கும் இறுகவில்லை. கடைசியில் எக்ஸ்ஆர்டி (எந்தப் படிக வடிவம் என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பீட்டா. மெதுவாக ஆறியதில் திரும்பிப் போய்விட்டது. முதல் நாளே எக்ஸ்ஆர்டி எடுத்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பொடியையும் எக்ஸ்ஆர்டி பார்க்காமல் குழைக்காதீர்கள்.

முட்டை ஓடு, கிளிஞ்சல், மீன் எலும்பு என்று இயற்கைப் பொருளில் தொடங்குகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அவற்றில் மெக்னீசியம் இருக்கும், மெக்னீசியம் பீட்டா வடிவத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், எனவே அதே வெப்பநிலையில் ஆல்ஃபா வராமல் போகலாம். கன உலோகங்களையும் அளந்தே ஆக வேண்டும். உடலுக்குள் வைக்கிற ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கான ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) தரநிலையில் ஆர்செனிக் 3 பிபிஎம், காட்மியம் 5, பாதரசம் 5, ஈயம் 30 என்று வரம்பு இருக்கிறது. "இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது" என்ற வாக்கியத்தை அறிக்கையில் எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற தவறுக்கு வருகிறேன். எல்லாச் சோதனையையும் மேசைமேல், உலர்ந்த நிலையில், அறை வெப்பத்தில் செய்து முடித்துவிடுவது. இந்தப் பொருள் இறுகப்போவது ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒரு குழிக்குள், 37 டிகிரியில். உலர்ந்த கட்டியை நசுக்கினால் வலிமை நன்றாகத் தெரியும், அதே கட்டியை 37 டிகிரித் தண்ணீரில் வைத்திருந்து ஈரத்தோடே நசுக்கினால் எண் வேறு, பெரும்பாலும் குறைவு. உடலுக்குள் உலர்ந்த நிலை என்று ஒன்று கிடையாது, எனவே ஈர எண்தான் உண்மையான எண். குழைத்த பசையை இறுகுவதற்கு முன்னாலேயே நேராகத் தண்ணீருக்குள் பிழிந்து பாருங்கள். புழுப்போல முழுசாக நிற்கிறதா, பால்போலக் கலங்கிப் பரவுகிறதா? கலங்கினால் மற்ற சோதனைகளைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நோரியன் எக்ஸ்ஆர் என்ற கால்சியம் பாஸ்பேட் சிமெண்டின் கதை அப்படிப்பட்டது. அது மனித ரத்தத்தோடு சேரும்போது ரத்தக்கட்டி உண்டாவதை ஆரம்ப ஆய்வுகள் காட்டியிருந்தன. முதுகெலும்பு நொறுங்கல் முறிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதன் லேபிளில் இருந்தது. இருந்தும் அதை விற்ற சிந்தெஸ் நிறுவனம் அதே முறிவுக்கு அனுமதியில்லாமல் நோயாளிகளிடம் சோதிக்க ஏற்பாடு செய்தது. 2003, 2004 வாக்கில் மூன்று பேர் அறுவை சிகிச்சை மேசையிலேயே இறந்தார்கள். இறப்புக்குச் சிமெண்ட்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை, சட்டவிரோதமாகச் சோதித்ததற்காகத்தான் வழக்கு. 2009ல் குற்றச்சாட்டு பதிவாகி, 2011ல் நான்கு உயர் அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. தாடையிலும் மணிக்கட்டிலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் பொருள் முதுகெலும்புக்குள்ளும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே அழுத்தத்தோடு செலுத்துகிறோம், பக்கத்திலேயே பெரிய சிரைகள் இருக்கின்றன, கசிந்தால் நுரையீரலுக்கே போய்ச் சேரும்.

செலுத்துவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. சிரிஞ்சை அழுத்தினால் சில சமயம் முதலில் தண்ணீராக வரும், அப்புறம் எதுவும் வராது, உள்ளே பொடி மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும். காப்பி வடிகட்டுவது மாதிரிதான், திரவம் பிரிந்து ஓடிவிட்டது. அதைச் சமாளிக்கக் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் வலிமை போய்விடும். துகள் அளவைச் சரிசெய்வது, சிட்ரேட் மாதிரி ஏதாவது சேர்ப்பது, பாகுத்தன்மை தரும் பாலிமரைத் திரவத்தில் கலப்பது என்று அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். "எளிதாகச் செலுத்த முடிந்தது" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. எந்த ஊசி, எவ்வளவு விசை, குழைத்து எத்தனையாவது நிமிடம், எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்று எழுத வேண்டும்.

வலிமை எண்ணை வைத்துப் பெரிதாகப் பேசுவதும் நடக்கிறது. 40 மெகாபாஸ்கல் வந்துவிட்டது, உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பைவிட அதிகம், எனவே தொடை எலும்பைத் தாங்கும் என்பார்கள். அது நசுக்கும்போது வந்த எண். வளைத்தால், இழுத்தால் இந்த வகைச் சிமெண்ட் சுண்ணாம்புக்கட்டி போலப் படாரென்று உடையும். அதனால்தான் மருத்துவர்கள் இதை மண்டையோட்டு ஓட்டையை அடைக்கவும், தகடும் திருகும் போட்ட முறிவில் வெற்றிடத்தை நிரப்பவும் வைத்திருக்கிறார்கள்.

அக்ரிலிக் சிமெண்ட் வேறு சாதி. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தப் பயன்படுத்தத் தொடங்கிய பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் பெரும் சுமையைத் தாங்கும், ஆனால் எலும்பாக மாறாது, இறுகும்போது கொதிக்கிற மாதிரிச் சூடாகும். எலும்பு 47 டிகிரியை ஒரு நிமிடம் தாண்டினாலே பாதிப்பு தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்காதீர்கள்.

செல் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ராக்ஸிஅபடைட்டாக இறுகிய சிமெண்ட் துண்டைச் சின்னக் கிண்ணத்தில், செல்களை வளர்க்கிற திரவமான ஊடகம் கொஞ்சம் விட்டு, நாள்கணக்கில் வைத்தால் அது ஊடகத்திலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். செல்கள் இறப்பது பட்டினியால், நாம் நச்சு என்று எழுதிவிடுகிறோம். மாறாகச் செல்கள் பிழைத்துவிட்டால் எலும்பு வளரும் என்று எழுதிவிடுகிறோம், இரண்டுமே அவசரம். ஊடகத்தின் பிஎச்சையும் கால்சியத்தையும் முன்னும் பின்னும் அளந்துவிட்டுப் பேசுங்கள். ஜப்பானிய ஆய்வாளர் கொகுபோ உருவாக்கிய செயற்கை உடல் திரவத்தில் அபடைட் படலம் படிந்ததும் "எலும்போடு ஒட்டும்" என்று எழுதுவதும் இப்படிப்பட்ட அவசரம்தான். அந்தத் திரவத்தில் படலம் உருவாக்காத பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டும் உடலுக்குள் எலும்போடு ஒட்டுகிறது.

விலங்குச் சோதனையில் துளை சிறியதாக இருந்தால் எதுவும் வைக்காமலே ஆறிவிடும். காலித் துளை ஒன்றை ஒப்பீட்டுக்கு விடாதவர்களின் படங்களை நான் நம்புவதில்லை.

கிருமிநீக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆல்ஃபா பொடியை நீராவியில் வைத்தால் பையிலேயே வினை தொடங்கிவிடும், காமா கதிர் பாலிமர் சங்கிலிகளை வெட்டி நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த பாகுத்தன்மையைக் குலைத்துவிடும். எனவே கிருமிநீக்கம் செய்த பொடியிலேயே இறுகும் நேரத்தை அளந்து பழகுங்கள்.

அப்புறம் ஒரு நாள், பொடியையும் திரவத்தையும் ஒரு காகிதக் குறிப்போடு, இதுவரை இதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அறுவை அறையில் இருப்பது போலவே இரண்டு ஜோடிக் கையுறை, ஏசி ஓடும் குளிர்ந்த அறை, சின்னக் கிண்ணம், ஒரு கரண்டி. நீங்கள் வாயைத் திறக்காமல் கடிகாரத்தை மட்டும் பாருங்கள்.