விகிதத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

தோசைக்கு 4 கப் அரிசி, 1 கப் உளுந்து என்று ஊறப்போடுகிறோம். தீபாவளிக்கு உறவினர்கள் வருகிறார்கள், மாவு அதிகம் வேண்டும். அரிசியில் ஒரு கப், உளுந்தில் ஒரு கப் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமா? வீட்டில் சமைக்கிற யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். உளுந்து கூடிப்போய் தோசை மொறுமொறுப்பாக வராது. 8க்கு 2, 12க்கு 3 என்றுதான் போடுவார்கள்.

ஆனால் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் படிவம் 1 (இடைநிலைப்பள்ளி முதலாம் ஆண்டு) பிள்ளைகள் தாளில் 4:1 = 5:2 என்று எழுதுகிறார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். கவனக்குறைவு என்று இதைத் திட்டக்கூடாது. 4க்கும் 1க்கும் வித்தியாசம் 3, 5க்கும் 2க்கும் வித்தியாசம் 3. அதனால் இரண்டும் சமம் என்று பிள்ளை யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. விகிதம் கேட்பதோ 'எத்தனை மடங்கு' என்று. 4:1இல் அரிசி உளுந்தைப்போல் 4 மடங்கு; 5:2இல் இரண்டரை மடங்குதான். சமான விகிதம் வேண்டுமென்றால் இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும், அல்லது வகுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் குறுக்கே பெருக்கிப் பாருங்கள்: 4 × 2 = 8, 1 × 5 = 5. பொருந்தவில்லை. இந்த விதியைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளையைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அளக்க விடுங்கள் என்று பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வதுண்டு.

அடுத்தது அலகு. ஒரு ரிங்கிட் 20 சென்னுக்கும் 80 சென்னுக்கும் விகிதம் கேட்டால் 1.20:80 என்று எழுதிவிடுவார்கள். ஒரு ரிங்கிட் 100 சென்; முதலில் இரண்டையும் சென்னாக்க வேண்டும்: 120:80. இதைப் பத்தால் வகுத்து 12:8 என்று நிறுத்திவிடும் பிள்ளைகளும் உண்டு. அது தவறில்லை, ஆனால் சுருக்கி முடிக்கவில்லை. இன்னும் 4ஆல் வகுபடும், விடை 3:2. மீப்பெரு பொது வகுத்தியான 40ஆல் வகுத்தால் ஒரே அடியில் வந்துவிடும். விடையில் சென் என்று எழுத வேண்டியதில்லை.

தசமம் வந்தால் நம் ஊர்ப் பாலங்களைக் கொடுப்பேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். தசமப் புள்ளியைப் போக்க 13.5ஐ மட்டும் பத்தால் பெருக்கி 135:24 என்று எழுதினால் பழைய பாலம் புதியதைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீண்டுவிடும்! இரண்டையும் பெருக்கினால் 135:240. 15ஆல் வகுத்தால் 9:16. வரிசையும் முக்கியம். முதலில் சொன்னதை முதலில் எழுத வேண்டும். 16:9 என்றால் புதிய பாலத்தை முதலில் சொல்லிக் கேட்ட கேள்விக்கு விடை. இடைநிலைப்பள்ளியில் இதே பாடம் மலாயில் 'நிஸ்பா' என்று வரும்போதும் இரண்டு அளவுகளுக்கும் நடுவில் வரும் 'கெபாடா' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதுதான் முதல் எண். பெயர் மாறியதால் பிள்ளை மிரள வேண்டாம்.

கடைசியாக, நன்றாகப் படிக்கிறவர்களும் சறுக்கும் இடம். அரிசியும் உளுந்தும் 4:1; மொத்தத்தில் உளுந்து எவ்வளவு பங்கு? நான்கில் ஒரு பங்கு என்று பதில் வரும். உளுந்தை அரிசியோடு ஒப்பிட்டால்தான் அது நான்கில் ஒன்று. மொத்தம் 4 + 1 = 5 பங்கு. ஆகவே உளுந்து ஐந்தில் ஒரு பங்கு.