பம்பைக்கும் முகவீணைக்கும் இடம் விட்டு ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

ஒலிப்பதிவுக் கூடம் கட்ட நினைத்து என்னிடம் வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்த மைக் வாங்கலாம்? யாரைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் கூடம் கட்டுகிறவர் இதற்கு முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடும் குழுக்கள் இருக்கின்றன. பம்பை, உடுக்கை, சிலம்போடு கதை பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் இருக்கின்றன, தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. இவர்கள் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பவர்கள். ஒருவர் மட்டும் நிற்கும் அளவுக்கு அறை கட்டி நாலு பக்கமும் பஞ்சு அடைத்தால், இந்த இசை அதற்குள் மூச்சுத் திணறிப்போகும். உங்களிடம் இருக்கும் இடத்தில் பெரும்பங்கை வாசிக்கும் அறைக்கு ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம்.

என் அப்பா ஆற்காட்டில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். குழாய் ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூத்து மேடைகளுக்குப் போவோம். பின்னால் நின்று சேர்ந்து பாடுபவர்களின் பின்பாட்டு எங்கே அமுங்குகிறது, நாதஸ்வரத்தின் சின்ன வடிவம் போன்ற முகவீணை எப்போது காதைக் கிழிக்கிறது என்று விடிய விடியக் கேட்டு என் காது பழகியது அங்கேதான். பிறகு சென்னையில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவு உதவியாளனாக வேலை பார்த்துவிட்டு, காட்பாடியில் வாடகை வீட்டில் முதல் கூடத்தைப் போட்டேன். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்து அடி. கீழே நான் சொல்வதில் பாதி அந்த அறை கற்றுக்கொடுத்தது.

இடம் பார்க்கும்போது

மனை பிடித்துவிட்டது என்பதற்காக முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விடியற்காலை 5 மணி, காலை 10 மணி, மாலை 6 மணி, இரவு 11 மணி என நான்கு வேளை அங்கே போய், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேளுங்கள். காட்பாடி சந்திப்புக்கு அருகே ரயிலின் ஊதல் கேட்கும். அதைத் தடித்த சுவரால் தடுத்துவிடலாம். சத்துவாச்சாரிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய மனைகளில் லாரிகளின் அதிர்வு தரை வழியாக வரும். அது காதுக்குத் தெரியாது, மைக்குக்குத் தெரியும். தரை வழி வரும் அதிர்வைத் தடுப்பதற்குத்தான் செலவு அதிகம். மார்கழி விடியலிலும் ஆடி மாதத்திலும் அருகிலுள்ள கோயில் ஒலிபெருக்கி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தகரக் கூரை, சிமென்ட் ஷீட் கூரை எதுவும் வேண்டாம். மழை ஒரு தூறல் போட்டாலே வேலை நின்றுவிடும். கான்கிரீட் தளம் போட்ட கட்டடத்தின் தரைத்தளம்தான் நல்லது.

அறைக்குள் அறை

வெளியிலிருந்து வரும் ஒலியை நிறுத்துவதும் அறைக்குள் எழும் எதிரொலியை அடக்குவதும் வேறு வேறு வேலைகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இன்றும் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். முட்டை அட்டை எந்த ஒலியையும் வெளியே நிறுத்தாது. தீப்பிடித்தால் அறையே எரிந்துவிடும். தயவு செய்து அதை வைக்காதீர்கள்.

ஒலியை நிறுத்துவது எடையும் இடைவெளியும்தான். ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகத் தடுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டாவது சுவர் தேவை. வெளியே 9 அங்குலச் செங்கல் சுவர். அதற்குள், அதைத் தொடாமல், ரப்பர் துண்டுகளின் மேல் நிற்கும் சட்டம்; சட்டத்தில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை; இடைவெளியில் ராக்வுல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. உள் கூரையும் உள் சுவர்களின் மேல்தான் உட்கார வேண்டும், மேல் தளத்திலிருந்து தொங்கக் கூடாது. உள் சுவரையும் வெளிச் சுவரையும் சேர்த்து ஒரே ஒரு ஆணி அடித்தால் கூட அதிர்வு அதன் வழியே நடந்து வந்துவிடும். இதைத் தச்சரிடம் ஒரு முறை சொன்னால் போதாது, வேலை நடக்கும் நாளெல்லாம் அருகிலேயே நில்லுங்கள். எனக்கு வேலை செய்தவர் ஏசி குழாய்க்குப் போட்ட துளையைப் பூசாமல், மேலே அழகாக ஒரு மூடியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். பின்பாட்டுக்கு நடுவே தெருவில் கீரை விற்பவரின் குரல் வருவது எங்கிருந்து என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

துளைகளைப் பற்றி ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 50 டெசிபெல் தடுக்கும் சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தால், அந்தச் சுவர் மொத்தமாக 20 டெசிபெல்தான் தடுக்கும். கதவின் அடியில் இருக்கும் விரல் அகல இடைவெளியே கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். ஆகவே கனமான கதவுகள் இரண்டு போட்டு, இடையில் ஒருவர் நிற்கும் அளவு இடம் விடுங்கள். சுற்றிலும் அடியிலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கும் இரண்டு கண்ணாடி, ஒன்று 6 மில்லிமீட்டர், மற்றொன்று 10 மில்லிமீட்டர். ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே சுருதியில் அதிர்ந்து ஒலியைக் கடத்திவிடும்.

வாசிக்கும் அறை

பத்துக்குப் பத்து அறைக்குத் திரும்புகிறேன். பத்து அடி என்றால் 3.05 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு இடையே அது போய்த் திரும்பும் கணக்கில் 56 ஹெர்ட்ஸும், அதாவது நொடிக்கு 56 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலியும், அதன் மடங்குகளும் மற்ற ஒலிகளைவிட வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்ததால் மூன்று திசையிலும் அதே ஒலிகளே வீங்கின. மிருதங்கத்தின் தொப்பி அடி ஒவ்வொன்றும் அண்டாவுக்குள் விழுந்த கல் போலக் கேட்டது. எந்த மைக்கை மாற்றியும் போகவில்லை. மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பாகவும் இருக்கக் கூடாது. இப்போதைய என் அறை உள்ளளவில் 25 அடி நீளம், 17 அடி அகலம், 11 அடி உயரம்.

அடுத்து, எவ்வளவு பஞ்சு வைப்பது? 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் விட்டார்கள். அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அவர் கண்ட கணக்குதான் இன்றும் நமக்கு: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். என் அறை சுமார் 132 கன மீட்டர். கூத்துக்கும் பம்பைக்கும் 0.6 நொடி எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியானால் முழுமையாக உறிஞ்சும் பரப்பு சுமார் 380 சதுர அடி தேவை. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 1,770 சதுர அடிக்கு மேல் இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு கூட மூட வேண்டியதில்லை! மீதிச் சுவரில் மேடும் பள்ளமுமாக மரச்சட்டங்கள் அடித்து ஒலியைச் சிதற விட்டிருக்கிறேன். முகவீணையின் கூர்மை அந்த மரத்தில் பட்டுத் திரும்பும்போதுதான் ஊர் மேடையின் உயிர் வருகிறது.

பலகைகளை நீங்களே செய்துகொள்ளலாம். மரச்சட்டத்துக்குள் 4 அங்குல ராக்வுல், மேலே துணி. குடியாத்தத்தில் நெய்யும் பருத்தித் துணியையே நான் போர்த்தினேன். துணியை வாயருகே பிடித்து ஊதிப்பாருங்கள். மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும். ராக்வுல் வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அறையின் மூலைகளில் இன்னும் தடிமனாக வையுங்கள், தாழ்ந்த ஒலி அங்கேதான் போய்ச் சேரும்.

நம் கலைஞர்கள் தரையில் உட்காருவார்கள். கோரைப்பாய் வாங்கி வையுங்கள், குட்டையான மைக் ஸ்டாண்டுகளும் வாங்குங்கள். பறை பதிவு செய்வதாக இருந்தால், தோலைத் தீயில் காய்ச்சுவதற்கு வெளி முற்றத்தில் ஓர் இடம் வேண்டும். அங்கிருந்து மைக் வரை நடக்கும் தூரம் குறைவாக இருக்கட்டும், குளிர்ந்த அறையில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

குளிரும் மின்சாரமும்

வேலூர், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். காற்று புகாத அறையில் எட்டுப் பேர் மணிக்கணக்கில் பாட வேண்டும். சுவரில் மாட்டும் ஏசியின் மின்விசிறி ஒலி எல்லா மைக்கிலும் விழும். அதனால் காற்றை அகலமான குழாய் வழியே, உள்ளே பஞ்சு ஒட்டி, இரண்டு வளைவு கொடுத்து, மெதுவாக வரவிடுங்கள். அதே காற்று குறுகிய துளை வழியாக வந்தால் சீறும். அந்தச் செலவு இப்போது முடியாதென்றால், ஒரு மணி நேரம் முன்பே குளிர வைத்து, பதிவின்போது அணைத்துவிடுங்கள். மிருதங்கத்தை அறை குளிர்ந்த பிறகே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். முன்பே சேர்த்தால் பாதிப் பாட்டில் மாறிவிடும்.

மின்சாரத்தில் மூன்று விஷயங்கள். கருவிகளுக்குத் தனி வயரிங். கூடத்துக்கென்று தனி எர்த் குழி. எப்போதும் தன் வழியாகவே சீரான மின்சாரம் தரும் ஆன்லைன் வகை யூபிஎஸ். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் சில மைக்குகளில் ரீங்காரத்தை ஏற்றிவிடும்.

கன்ட்ரோல் ரூமும் கருவிகளும்

நீங்கள் உட்கார்ந்து பதிவைக் கேட்கும் கன்ட்ரோல் ரூம் சிறியதாக இருக்கலாம், ஆனால் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நண்பரை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமெல்லாம் ஒரு ராக்வுல் பலகை மாட்டுங்கள். விசிறி இரையும் கணினியை வேறோர் அலமாரியில் அடைத்துவிடுங்கள்.

எத்தனை சானல் (ஒரு மைக்கின் ஒலி தனியாகப் பதிவாகும் வழி) வேண்டும் என்பதைக் குழுவை வைத்து எண்ணுங்கள். கூத்துக் குழுவுக்கு மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, பாடுபவர்களுக்கு மூன்று, பின்பாட்டுக்கு ஒன்று, அறைக்கு மொத்தமாக இரண்டு. ஆகப் பத்து. தாளத்துக்குத் தனி மைக் வேண்டாம், அது எல்லாவற்றிலும் விழும். எட்டு மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை, எட்டு சானலை ஒரே ஒளிக்கேபிளில் வாங்கும் அடாட் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால், இன்னொரு எட்டைச் சேர்த்துப் பத்துக்கும் இடம் செய்துகொள்ளலாம்.

இப்போது மைக். தொடக்கத்துக்கு வேண்டியதைச் சொல்கிறேன், பத்துக்கு மீதியைப் பிறகு சேர்க்கலாம். 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்குகள் நான்கு வாங்குங்கள். பம்பை, தவில், ஆர்மோனியம் எதையும் தாங்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும். பாட்டுக்கு, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கன்டென்சர் வகையில் பெரிய டயாஃப்ரம் (ஒலியை வாங்கும் சவ்வு) உள்ளது ஒன்று, அறைக்குச் சிறிய கன்டென்சர் ஒரு ஜோடி. கன்டென்சருக்கு மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தேவை, அதை இன்டர்ஃபேஸே கொடுக்கும். லட்சங்களில் விலை போகும் நாய்மன் யு87 அருமையான மைக், ஆனால் கெட்ட அறையில் அது அறையின் கெடுதலைத்தான் துல்லியமாகப் பிடிக்கும்.

முகவீணையின் வாய்க்கு நேரே மைக் வைக்காதீர்கள். ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. மூன்று நான்கு அடி தள்ளி, சற்று மேலே வைத்து, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். நாதஸ்வரத்துக்கு இன்னும் ஓரடி கூடுதல். பாடுபவருக்குக் கார்டியாய்ட் மைக் வைத்தால் அதன் முதுகுப்பக்கம் ஏறக்குறைய செவிடு. மிருதங்கக்காரரை அந்த முதுகுப்பக்கம் உட்கார வையுங்கள். இருவரும் எதிரெதிரே முகம் பார்க்கவும் முடியும், ஒலியும் கலக்காது. ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மைக்குக்கும் அதன் கருவிக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும்.

கூத்துக் கலைஞர்களுக்கு ஹெட்போன் மாட்டிவிடாதீர்கள். அவர்களின் தாளம் அடுத்தவர் தோளசைவிலிருந்து வருகிறது. தேவாலயப் பாடகர்களுக்கும் திரையிசைப் பாடகர்களுக்கும் மட்டும் மூடிய வகை ஹெட்போன்கள் வைத்திருங்கள்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், கூத்தில் கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரர் திடீரென்று உரக்கக் கத்தினாலும் உடையாது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து சானல் சுமார் 5.2 ஜிகாபைட் ஆகும். எட்டு மணி நேரக் கூத்து என்றால் 42 ஜிகாபைட் ஒதுக்குங்கள்.

பதிவு முடிந்த அன்றே, கலைஞர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மூன்று பிரதி எடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஓடியபோது எங்கள் பழைய வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அப்பா மேடை ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்த கூத்துக் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றில் பாடியவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. நாடாக்களைக் காய வைத்துப் பார்த்தேன், நான்கு மட்டும் ஓடின. இப்போது என் பதிவுகளில் ஒரு பிரதி கூடத்தில் இருக்கிறது, ஒன்று வீட்டில். மூன்றாவதைக் குடியாத்தத்தில் அக்கா வீட்டு மாடி அலமாரியில், மாதத்துக்கு ஒரு முறை போய் வைத்துவிட்டு வருகிறேன்.