கார்ட் டிராக்கில் 150 சிசி பைக்: பெங்களூரில் முதல் கிளப் ரேஸுக்குத் தயாராவது எப்படி

கோ-கார்ட் எனும் குட்டி ரேஸ் காருக்காகப் போட்ட டிராக்கில் பெரிய பைக்குக்கு வேலையே கிடையாது. நேர்ப்பாதையில் நாலாவது கியர் விழுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஹெண்ணூர்–பாகலூர் ரோட்டில் இருக்கும் மெகோ கார்டோபியா மாதிரி இடங்களில் 150, 160 சிசி வண்டிகள் கலக்குகின்றன. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான மினி ஜிபி ரேஸ் தொடரும் 160 சிசி குட்டி வண்டிகளை வைத்துத்தான் நடக்கிறது.

கையில் ஆர்15, அப்பாச்சி 160, பல்சர் 150 எது இருந்தாலும் போதும். ஒரே ஒரு நிபந்தனை: முதல் சீசன் முழுக்க எஞ்சினைத் தொடாதீர்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது, கேம் ஷாஃப்ட் மாற்றுவது, சைலன்சர் மாற்றுவது எல்லாம் அப்புறம். பணம் டயருக்கும் பிரேக்குக்கும் உங்கள் உடம்பில் போடும் உடுப்புக்கும் போகட்டும்.

முதலில் கழற்ற வேண்டியவை

ரெண்டு கண்ணாடி, இண்டிகேட்டர், சென்டர் ஸ்டாண்டு, சைட் ஸ்டாண்டு. சைட் ஸ்டாண்டில் சுவிட்ச் இருந்தால், ஸ்டாண்டை எடுத்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பிட்டில் (டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் இடம்) வந்து முழிக்க வேண்டாம். ஹெட்லைட்டைக் கழற்ற முடியாவிட்டால் ஃபியூஸை எடுத்துவிட்டு கண்ணாடி முழுக்க டேப் ஒட்டலாம். எரியும் பல்பின் மேல் டேப் ஒட்டினால் சூட்டில் உருகி ஒழுகும்.

நம் ஊர் வண்டிகளில் வழக்கமாக இருப்பவை இன்னும் இரண்டு: லெக் கார்டும் சேலை கார்டும். ரோட்டில் காலைக் காப்பாற்றும் லெக் கார்டு, சாய்ந்து திரும்பும்போது தரையில் ஊன்றி பின்டயரையே தூக்கிவிடும். சேலை கார்டு பக்கத்து வண்டியைக் கொக்கி போட்டு இழுக்கும். இரண்டையும் கழற்றாமல் வந்தால் ஸ்க்ரூட்டினியில் (டிராக்கில் இறங்கும் முன் நடக்கும் வண்டிப் பரிசோதனை) திருப்பி அனுப்புவார்கள்.

இவ்வளவும் கழற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. ஒரு குட்டி யானை பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள். பெல்ட்டை ஹேண்டில்பாரில் கட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் கட்டி, ஃபோர்க் பாதி இறங்கும் வரை இறுக்குங்கள்.

லாக் வயர்

போல்ட் கழன்றுவிடாமல் கட்டும் கம்பிதான் லாக் வயர். புதியவர்கள் அதிகம் சொதப்புவது இதில்தான். டிராக்கில் ஆயில் கொட்டினால் பின்னால் வரும் ஐந்து பேர் விழுவார்கள். அதனால் டிரெயின் போல்ட் (எஞ்சின் ஆயிலை வடிக்கும் போல்ட்), ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் ஃபில்டர் கவர் போல்ட்டுகள், பிரேக் காலிப்பர் போல்ட்டுகள் இவற்றுக்குக் கட்டாயம் கம்பி கட்ட வேண்டும்.

வேண்டியவை: 0.8 மி.மீ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 1.5 மி.மீ டிரில் பிட் நாலைந்து (ஒன்றிரண்டு உடையும், நிச்சயம்), சென்டர் பஞ்ச், ஒரு எக்ஸ்ட்ரா டிரெயின் போல்ட். ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும்.

போல்ட்டைக் கழற்றி வைஸில் பிடித்து, தலையின் ஒரு பட்டையில் பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். பஞ்ச் வைக்காமல் டிரில் பிடித்தால் பிட் வழுக்கிக்கொண்டு ஓடும். குறைந்த வேகம், சொட்டுச் சொட்டாக எண்ணெய், அவசரமே கூடாது. ஓட்டை விழுந்ததும் போல்ட்டை மாட்டி, சரியான டார்க்கில் (கம்பெனி சொன்ன இறுக்க அளவு) முதலில் இறுக்குங்கள். கம்பி இறுக்குவதற்கு அல்ல, கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்.

கம்பியை ஓட்டையில் விட்டு, சென்டிமீட்டருக்கு மூன்று முறுக்கு வருமாறு முறுக்கி, இன்னொரு போல்ட்டிலோ எஞ்சின் ஃபின்னிலோ கட்டுங்கள். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி விறைக்க வேண்டும். அதாவது கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் திசையில் இழுத்தபடி இருக்கணும். எதிர்ப்பக்கமாகக் கட்டினால் கட்டாததற்குச் சமம். கடைசி நுனியை உள்ளே மடக்கிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

எஞ்சின் பிரீத்தர் குழாயை (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) அரை லிட்டர் பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலை ஃப்ரேமோடு கட்டுங்கள். ஆர்15 மாதிரி ரேடியேட்டர் வண்டியென்றால் கூலண்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கூலண்ட்டில் இருக்கும் கிளைக்கால் தரையில் சிந்தினால் தண்ணீர் மாதிரி காய்ந்துபோகாது, வழுக்கிக்கொண்டே இருக்கும்.

பிரேக், செயின், கியரிங்

பிரேக் ஆயில் போன மழைக்கு முந்தையது என்றால் மாற்றிவிடுங்கள். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கார்ட் டிராக்கில் சில விநாடிக்கு ஒருமுறை பிரேக். பழைய ஆயில் கொதித்து லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும்.

ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாக 'டக்'கென்று திரும்பணும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பியபோதும். ஸ்க்ரூட்டினியில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கியரிங் மாற்றணும் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைப்பதே மலிவு. உதாரணத்துக்கு முன்னால் 14, பின்னால் 48 பல் இருந்தால் விகிதம் 3.43. முன்னால் 13 போட்டால் 3.69. இதே பலன் பின்னால் வேண்டுமென்றால் நாலு பல் ஏற்ற வேண்டும், செயினும் பத்தாமல் போகலாம்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே. சென்னையைவிட இங்கே காற்று சுமார் எட்டு சதவீதம் மெலிது. சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சரியாக ஓடிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பிளக் கறுக்கும், ஹேர்ப்பின்னிலிருந்து (யு வடிவ வளைவு) வெளியே வரும்போது எஞ்சின் விக்கும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறையுங்கள். இன்ஜெக்ஷன் வண்டி இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

டயர் காற்று

சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். இரண்டு பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒரே எண்ணைச் சொன்னால் அதிசயம்.

கம்பெனி சொன்ன அளவைவிட 3 பி.எஸ்.ஐ குறைத்து ஆரம்பிக்கலாம். செஷன் (டிராக்கில் ஓட்டக் கொடுக்கும் ஒரு முறை நேரம்) முடிந்து பிட்டுக்கு வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளந்து பாருங்கள். 3 முதல் 5 வரை ஏறியிருந்தால் சரி. ஏறவே இல்லை என்றால் ஆரம்பத்திலேயே காற்று அதிகம், டயர் சூடாகவில்லை. 6-க்கு மேல் ஏறினால் குறைவாக வைத்திருக்கிறீர்கள், டயர் பிசைந்து கொதிக்கிறது. ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு பி.எஸ்.ஐ மட்டும் மாற்றி, நோட்டில் குறித்து வையுங்கள்.

உடுப்பு

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், தோல் சூட் (இரண்டு துண்டென்றால் இடுப்பைச் சுற்றி முழு ஜிப்), பேக் புரொடெக்டர், மணிக்கட்டை மூடும் கிளவுஸ், கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். ஜீன்ஸ், ஷூ எல்லாம் வாசலிலேயே நிற்கும். கிளப் நாளுக்குப் பெரும்பாலும் வாடகை சூட் கிடைக்கும், முன்கூட்டியே கேளுங்கள். தேசிய சாம்பியன்ஷிப்புக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் வேண்டும்.

டிராக்கில்

கொடிகளை ரைடர்ஸ் பிரீஃபிங்கில் சொல்வார்கள், தூங்காதீர்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு: செஷன் நிறுத்தம், மெதுவாக பிட்டுக்கு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தரை வழுக்கும். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் நம்பரும்: வண்டியில் ஏதோ ஒழுகுகிறது, உடனே ஒதுங்குங்கள்.

முதல் இரண்டு லேப் டயர் சூடாகத்தான். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது வளைவுதான் அதிகம், அதனால் டயரின் இடப்பக்கம் தாமதமாகவே சூடாகும். நாலு வலது வளைவு தாண்டி வரும் அந்த ஒற்றை இடது வளைவில்தான் காலை செஷனில் ஆட்கள் விழுவார்கள்.

கார்ட்டுகள் ஓடிய டிராக்கில் லைனுக்கு (வண்டிகள் வழக்கமாக ஓடும் பாதை) வெளியே ரப்பர் துகள்கள் மிளகு மாதிரி சிதறிக் கிடக்கும். முந்துவதற்காக அங்கே போய் சாய்ந்தால் முன்டயர் நழுவும். கெர்ப்பும் (டிராக் ஓரத்துத் திண்டு) கார்ட்டுக்கான உயரம், ஃபுட்பெக் இடிக்கும். பைக்குக்கான பெரிய டிராக் மாதிரி இங்கே வழுக்கிப்போக இடமும் இருக்காது, டயர் சுவர் கிட்டத்தில் நிற்கும்.

ஹேர்ப்பின்னில் சீக்கிரம் உள்ளே திரும்பிவிடுவதுதான் புதியவர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் வெளியே வரும்போது இடம் பத்தாமல் ஆக்சிலேட்டரை மூடவேண்டி வரும். இன்னும் ஒரு வண்டி நீளம் பொறுத்து, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி திரும்பி, வளைவு முடியும் இடத்துக்குக் கிட்டத்தில், உட்பக்கக் கெர்ப்பின் மேல் ஏறாமல் அதை ஒட்டிப் போங்கள். வண்டி நிமிரும்போதே ஆக்சிலேட்டர் முழுதும் திறக்கலாம். முட்டி தரையில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது தானாக வரும்.

விழுந்தால் வண்டியைத் தூக்கியதும் ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள். முதலில் ஆயில் ஒழுகுகிறதா, ஆக்சிலேட்டர் திரும்புகிறதா, பிரேக் லீவர் உருண்டை நுனி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரம் ஒரு பக்கம் பார்த்தால் ஃபோர்க் கிளாம்பில் முறுகியிருக்கிறது. சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து ஹேண்டிலைத் திருகினால் பெரும்பாலும் நேராகிவிடும். அதற்குப் பிறகு கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஸ்க்ரூட்டினியரிடம் காட்டிவிட்டுத்தான் டிராக்கில் இறங்க வேண்டும்.

மறுநாள் ரோட்டுக்குத் திரும்பும் வண்டி என்றால் தண்ணீரை வடித்து கூலண்ட் ஊற்றுங்கள், உள்ளே துரு பிடிக்கும். டயர் காற்றையும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.