ஒரு 'இல்'லுக்கு மூன்று ஆங்கிலச் சொல்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒரு நாள் காலையில் மோட்டார் சைக்கிள் பஞ்சர். வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்ல நினைத்து, 'ஐ ஆம் இன் த வே' என்று மெசேஜ் தட்டிவிட்டேன். உடனே பதில் வந்தது: 'தென் பிளீஸ் மூவ்.'

நான் எழுதியதற்கு, வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அர்த்தம். எழுதியிருக்க வேண்டியது 'ஆன் த வே'.

நமக்கு இது ஏன் சறுக்குகிறது? தமிழில் 'இல்' ஒன்றே போதும். வீட்டில், மேசையில், பஸ் ஸ்டாப்பில், ஆகஸ்டில். பள்ளியில் படித்த மலாயும் கைகொடுக்காது. அங்கே இடத்துக்கு 'டி', நேரத்துக்கு 'பாடா'. பாடா புக்குல் லாப்பான் (எட்டு மணிக்கு), பாடா ஹாரி இஸ்னின் (திங்கட்கிழமை) என்று மணிக்கும் கிழமைக்கும் அதே 'பாடா'தான். இன், ஆன், அட் என்று மூன்றில் ஒன்றைப் பொறுக்கும் பழக்கமே நமக்கு இல்லை. போதாததற்கு, நம் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்; ஆங்கிலத்தில் அது முன்னால் வந்து நிற்கும்.

முதல் படி. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். 'ஆன் என்றால் மேல்' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் 'ஆன் டைம்' நேரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தொடரை முழுசாக எழுதுங்கள்: 'ஆன் டைம்', பக்கத்தில் 'சொன்ன நேரத்துக்குச் சரியாக'. அடுத்த வரியில் 'இன் டைம்', 'நேரம் தப்பிப்போவதற்குள்'. 7 மணி பஸ் 7 மணிக்கே கிளம்பினால் ஆன் டைம். நீங்கள் மூச்சிரைக்க ஓடி, கதவு மூடுவதற்குள் ஏறிவிட்டால் இன் டைம்.

இரண்டாவது, நேரம். பெரிய காலத்துக்கு இன், நாளுக்கு ஆன், கடிகாரத்துக்கு அட். நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். இங்கே எல்பில் தோட்டத்துத் துரை சுடப்பட்டது 16 ஜூன் 1948 காலையில். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் அதையொட்டித்தான் வந்தது. ஆண்டை மட்டும் சொன்னால் 'இன் 1948', மாதத்தைச் சொன்னால் 'இன் ஜூன்', தேதி வந்துவிட்டால் 'ஆன் 16 ஜூன்'. காலை என்று மட்டும் சொன்னால் 'இன் த மார்னிங்'. கிழமையும் சேர்ந்தால் இன் ஓடிப்போகும்: 'ஆன் மண்டே மார்னிங்'. ராத்திரிக்குப் பொதுவாக 'அட் நைட்'. ஏன் என்று கேட்காதீர்கள், அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, வண்டி. பலரும் விழும் குழி இதுதான். உள்ளே ஏறியபின் எழுந்து நின்று நடக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் ஆன்: 'ஆன் த பஸ்', 'ஆன் த டிரெயின்', பினாங்கு ஃபெர்ரிக்கும் ஆன். குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிந்தால் இன்: 'இன் த கார்', 'இன் த டாக்சி'. குலை ஏற்றும் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் இன்தான். மோட்டார் சைக்கிள் மேல் உட்காருகிறோம், அதனால் ஆன். எதில் போனீர்கள் என்று பொதுவாகச் சொல்ல மட்டும் 'பை': 'பை பஸ்', 'பை கார்'. நடுவில் 'த' வரக்கூடாது. 'மை' வந்தாலும் பை நிற்காது, 'இன் மை கார்' ஆகிவிடும். நடந்து போனால் 'ஆன் ஃபுட்'.

நாலாவது படியில் தமிழே உதவிக்கு வருகிறது. 'பை ஃபிரைடே', 'அன்டில் ஃபிரைடே' இரண்டையும் குழப்புகிறவர்கள் 'க்குள்', 'வரை' என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பப் பாரத்தை அனுப்ப வேண்டும்: பை. வெள்ளிக்கிழமை வரை கவுண்டர் திறந்திருக்கும்: அன்டில். இவ்வளவுதான். மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 'அன்டில் ஃபிரைடே' என்று படித்தவர், வெள்ளிவரை தினமும் ஒரு பாரம் அனுப்பச் சொல்கிறார்களோ என்று திகைப்பார்.

சில இடத்தில் தமிழே கவிழ்த்தும் விடும். 'சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்' என்கிற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' போடுகிறோம், வேண்டாம். 'டாக்டரோடு கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித் எ டாக்டர்' என்கிறோம், அங்கே 'டு'.

அப்புறம் பயிற்சி. ராத்திரி படுப்பதற்கு முன், அன்று நடந்ததை ஐந்தே வரியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எதில் போனீர்கள், எங்கே காத்திருந்தீர்கள். உதாரணத்துக்கு, தமிழ் எழுத்திலேயே: 'ஐ வோக் அப் அட் ஃபைவ். ஐ வெயிட்டட் அட் த பஸ் ஸ்டாப். ஐ வென்ட் டு ஈப்போ பை பஸ்.' மறுநாள் இன், ஆன், அட், பை எல்லாவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். வாய் தயங்கும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தத் தொடரை மட்டும் மறுபடி மூன்று தடவை எழுதுங்கள், மற்றதைத் தொட வேண்டாம்.